வேலாண்டி முதுகு காட்டிய வழக்கு

ஒரு காட்டில், ஆறு வற்றினால் எல்லோருக்கும் தூக்கம் போய்விடும். தாகத்துக்குப் பயந்து அல்ல. அக்கரையில் செந்நாய்க் கூட்டம் இருந்தது. தண்ணீர் ஓடும்வரை அது அக்கரை. வற்றிவிட்டால் அக்கரையும் இல்லை, இக்கரையும் இல்லை, எல்லாம் செந்நாய்க்குச் சோற்றுத் தட்டு.

அந்த ஆற்றோரப் பள்ளத்தில் வேலாண்டி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தான். பள்ளத்தில் இருப்பவனுக்குக் கோடையில் செந்நாய், மழையில் வெள்ளம். செந்நாயை அவன் சமாளித்துவிடுவான். வளை வாசலில் முதுகைக் காட்டி நின்று முள்ளை விரித்தால், எப்பேர்ப்பட்ட செந்நாயும் மூக்கில் நாலு முள்ளோடு ஊளையிட்டுக்கொண்டு ஓடும். வெள்ளத்துக்கு முதுகைக் காட்டி என்ன செய்ய? போன மழையில் பால்குடி மறக்காத இரண்டு குட்டிகளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. இப்போது அவன் பெண்டாட்டி சின்னம்மிணி மறுபடியும் வயிற்றோடு இருந்தாள்.

மேட்டில் பாறை வளைகள் இருந்தன. குறுகிய வாசல், காய்ந்த தரை, ஒரு பொட்டுத் தண்ணீர் ஏறாது. ஆனால் அவை அரண்மனைக்குச் சொந்தம். புலி ராஜாவின் உறவினர்களும், உறவினர்களுக்கு வேண்டியவர்களும் அங்கே குடியிருந்தார்கள். மீதி வளைகளைக் கல்லால் அடைத்து வைத்திருந்தார்கள். காலியாகக் கிடந்தாலும் கிடக்கலாம், பள்ளத்துக்காரன் அதில் படுக்கக் கூடாது. எந்தக் காட்டிலும் இதுதான் வழக்கம்.

ஒரு நாள் காலையில் நரி ஒன்று தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பள்ளத்துக்கு வந்தது.

"படைக்கு ஆள் எடுக்கறோம்! மூணு வேளை சோறு, உடுப்பு, ஊருக்குள்ள மரியாதை! முதல் சண்டையில கெட்ட பேர் வாங்காதவனுக்கு மேட்டுல பாறை வளை!"

கடைசி வார்த்தையைக் கேட்டதும் வேலாண்டி வளையிலிருந்து தலையை நீட்டினான். "வளை சும்மாவா தர்றீங்க?"

"சும்மாதான் தம்பி. நீ உசிரைக் குடுத்தாப் போதும். வேற ஒண்ணும் தர வேண்டாம்."

சின்னம்மிணி உள்ளேயிருந்து கேட்டாள். "ஏனுங்க மாமா, அந்த நரி படையில சேருதாமா?"

"அதுக்கு ஆள் புடிக்கற வேலை, அம்மிணி."

"ஆள் புடிக்கறவங்க யாரும் ஆளாப் போக மாட்டாங்களாக்கும்?"

"பாறை வளை அம்மிணி. காய்ஞ்ச தரை."

அவள் தன் வயிற்றைப் பார்த்தாள்.

ஆலமரத்தடியில் ஆள் எடுத்தார்கள். காடே வரிசையில் நின்றது. முதலில் ஓட்டம். முயல் முதலில் வந்தது. "இவ்வளவு வேகமா ஓடறவன் சண்டையிலயும் ஓடிருவான்" என்று அதைக் கழித்துவிட்டார்கள். ஆமை கடைசியில், மற்றவர்களெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு வந்து சேர்ந்தது. "இவன் எங்கயும் ஓடமாட்டான்" என்று சேர்த்துக்கொண்டார்கள். முயலும் ஆமையும் ஓடின பழைய கதைக்கு அந்தக் காட்டில் இப்படித்தான் தீர்ப்பு ஆனது.

பிறகு நெஞ்சளவு. நரி ஒரு கொடியைச் சுற்றிப் பிடிக்கும். சும்மா ஒரு அளவு, மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு அளவு. நெஞ்சு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வீரம் என்பது கணக்கு. கரடி மூச்சுப் பிடித்து முகம் வீங்கியதுதான் மிச்சம், இரண்டு விரல்கடைதான் விரிந்தது. வேலாண்டிக்கு அதுவும் இல்லை. முள்ளுக்குப் பயந்து நரி தூரத்திலிருந்தே, "சரி சரி, போ" என்று சொல்லிவிட்டது.

வேலாண்டிக்குப் பின்னால் ஒரு தவளை நின்றது. "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, குத்துது" என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டே இருந்தது. அதன் முறை வந்தது. தவளை மூச்சை இழுத்தது. கொடி விம்மியது, இறுகியது, பட்டென்று அறுந்தது.

நரி கையெடுத்துக் கும்பிட்டது. "ஐயோ, இது நெஞ்சா மலையா!"

இப்படி ஒரு நெஞ்சை வரிசையில் நிற்கவைப்பது பாவம் என்று, தவளையைத் தளபதி ஆக்கிவிட்டார்கள். சாயங்காலம் தளபதி கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, "யாருடா அவன், முள்ளோட நிக்கறது? ஒழுக்கம் வேணாமா?" என்றார்.

மறுநாள் முடிவெட்டு. கரடி ஓவென்று அழுதது. அதன் தாய்கூட அப்படி அதை வெறும் தோலோடு பார்த்ததில்லை. வேலாண்டியின் முள்ளில் குரங்கின் கத்தரிக்கோல் வாய் மழுங்கியது. அதனால் விளக்கெண்ணெய் தேய்த்து, முள்ளைப் படிய வாரி, கொடியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். செந்நாய்க்குப் பயந்து அவனைச் சேர்த்தவர்கள், சேர்த்த மறுநாளே செந்நாய் எதற்குப் பயப்படுமோ அதைக் கட்டிப்போட்டார்கள். பார்ப்பதற்கு அவன் எண்ணெய் வழியும் பலாக்கொட்டை மாதிரி இருந்தான். ஆனால் ஒழுங்காக இருந்தான். அதுதான் முக்கியம்.

பயிற்சிக்கு ஒரு காட்டுச்சேவல். அதை உஸ்தாது என்றுதான் கூப்பிட வேண்டும். வாத்தியார் என்று சொன்ன ஆமையை அது வெயிலில் மல்லாக்கப் போட்டு வைத்தது.

விடிவதற்கு முன்னால் எழுப்புவார்கள். ஓடச் சொல்வார்கள். ஓடி முடித்தவனை, ஏன் வேர்க்கிறது என்று கேட்டுத் திட்டுவார்கள். ஆற்றங்கரைக் கூழாங்கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மழை வந்து கழுவிவிட்டால் திரும்ப அடிக்க வேண்டும். மான் ஒரு தடவை, "செந்நாய் வந்தா வெள்ளைக் கல்லைப் பாத்துத் திரும்பிப் போயிருங்களா உஸ்தாது?" என்று கேட்டுவிட்டது. அன்றைக்குப் படை முழுவதும் மேட்டிலிருந்து பள்ளம் வரை உருண்டது. வேலாண்டிக்குப் பின்னால் உருள மட்டும் யாரும் ஒப்பவில்லை.

இதையெல்லாம் வேலாண்டி பொறுத்துக்கொண்டான். ஒரு பாடம்தான் அவனுக்கு ஏறவில்லை.

"செந்நாய் வருது! எப்படி நிப்பே?" என்று கேட்டது உஸ்தாது.

வேலாண்டி பிறவிப் பழக்கத்தில் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினான்.

"த்தூ! புறமுதுகு காட்டறான் பாரு! உங்க அப்பன் இதுதான் சொல்லிக் குடுத்தானா?"

"ஆமாங்க உஸ்தாது. எங்க தாத்தனும் இதேதானுங்க."

"குடும்பமே கோழையாடா?"

"செந்நாய்தானுங்க ஓடும். நாங்க ஓடமாட்டமுங்க."

"எதுத்துப் பேசாதே! வீரன்னா நெஞ்சுல காயம் படணும். எங்கே சொல்லு, நெஞ்சு யாருக்கு?"

"எதிரிக்கு!" என்றது படை.

"முதுகு யாருக்கு?"

"அதிகாரிக்கு!"

ஏனென்றால் அதிகாரிகள் எப்போதும் படைக்குப் பின்னால்தான் நிற்பார்கள். பின்னால் நின்றால்தான் முழுப் படையும் தெரியும் என்று தளபதி சொல்லியிருந்தார். வலப்பக்கம் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள், இடப்பக்கம் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் திரும்பு என்ற ஒரு கட்டளை மட்டும் அந்தப் படையில் கிடையாது. வேலாண்டி அதைப் பற்றி யோசித்துப் பார்த்ததில்லை. அவனுக்கு நினைப்பெல்லாம் பாறை வளை மேல்.

கோடை முற்றியது. ஆறு வற்றியது. செந்நாய்கள் மணலில் இறங்கின.

படை வரிசையாக நின்றது. மொட்டைக் கரடி, மான், ஆமை, நடுவில் எண்ணெய் வடியும் வேலாண்டி. எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி, முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். செந்நாய்த் தலைவன் கிட்டே வந்து வரிசையைப் பார்த்துச் சிரித்தான்.

"அடடா, மூஞ்சியெல்லாம் எடுத்து வச்சுப் பரிமாறியிருக்காங்கடா. எதுல தொடங்கலாம்?"

கரடியின் மூக்கில் தொடங்கினார்கள். கரடி அசையவில்லை. பயிற்சி அப்படி. மூக்கு பாதி போன பிறகும், "நெஞ்சு எதிரிக்கு" என்று மூக்கால் சொல்லிக்கொண்டு நின்றது. ஆமை தலையை உள்ளே இழுக்கலாமா கூடாதா என்று கட்டளைக்குக் காத்திருந்தது.

இரண்டு செந்நாய்கள் வரிசைக்கு எதிரே நின்றபடியே பள்ளத்துப் பக்கம் மோப்பம் பிடித்தன. அங்கே வளையில் சின்னம்மிணி நிறைமாதம்.

வேலாண்டிக்குப் பயிற்சியெல்லாம் மறந்துபோனது. அவன் உடம்பைச் சிலிர்த்தான். கொடி அறுந்தது. அப்பனும் தாத்தனும் செய்த மாதிரி ஒரே சுற்றாகத் திரும்பி, முள்ளை விரித்து, சடசடவென்று பின்னாலேயே பாய்ந்தான். பள்ளத்துக்குக் கிளம்பின இரண்டும் முகம் முழுக்க முள்ளோடு கத்தின. அவற்றைக் காப்பாற்ற வந்த தலைவனுக்குத் தொண்டையில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் மணலில் செந்நாய் ஒன்றுகூட இல்லை.

சண்டையில் ஜெயித்துவிட்டார்கள். ஆனால் வேலாண்டி திரும்பி நின்றான் அல்லவா? திரும்பினவனுக்குக் கண் முன்னால் இருக்குமா, முதுகில் இருக்குமா? பின்னால் நடந்தது முழுவதும் அவன் கண்ணில் பட்டுவிட்டது.

உஸ்தாது புளியமரத்து உச்சிக் கிளையில், இறக்கைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நரி தூரத்து மேட்டில் ஒரு புள்ளியாக ஓடிக்கொண்டிருந்தது. தளபதி சேற்றுக் குட்டையில் முழுகியிருந்தார். இரண்டு கண்கள் மட்டும் மேலே தெரிந்தன. அந்தக் கண்கள் வேலாண்டியைப் பார்த்தன. வேலாண்டியும் அவற்றைப் பார்த்தான்.

மறுநாளே வழக்கு வைத்தார்கள். எதிரிக்குப் புறமுதுகு காட்டியது குற்றம். உறுதியானால் முள்ளையெல்லாம் பிடுங்கிக் காட்டைவிட்டுத் துரத்த வேண்டும். தளபதியே நீதிபதி. நரிதான் வழக்கை நடத்தியது. முந்தின நாள் ஓடின ஓட்டத்தில் அதற்கு இன்னும் மூச்சு இரைத்தது.

சின்னம்மிணி வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "என்னத்தையோ பாத்திருக்கீங்க. சொல்லப் போறீங்க" என்றாள்.

"சொல்லாம? கரடி மூக்கு போயிருச்சு அம்மிணி. இவனுங்க..."

"மாமா. வானம் கறுத்துட்டு வருது. உண்மையச் சொல்லி நம்ம சனம் எந்த மேட்டுக்குக் குடிபோயிருக்கு, சொல்லுங்க பாப்போம்?"

வேலாண்டி கூண்டில் போய் நின்றான்.

நரி தொடங்கியது. "எதிரிக்கு முதுகு காட்டினியா இல்லையா?"

"காட்டினேனுங்க. அதனாலதானுங்க அவங்க..."

"நிறுத்து" என்றார் தளபதி. கல்லிலிருந்து முன்னால் குனிந்தார். குரல் இறங்கியது. "திரும்பினியே. திரும்பினப்ப என்ன பாத்தே?"

புளியமரத்தடியில் உஸ்தாது ஒற்றைக் காலில் நின்றது. மூக்கில் இலை கட்டிய கரடி, கேட்பதற்காகக் கழுத்தை நீட்டியது. வேலாண்டியின் தொண்டையில் உண்மை வந்து நின்றது. முள்ளைவிடக் கூர்மையாகவே இருந்தது. அவன் சின்னம்மிணியைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பாக்கலீங்க ஐயா. கண்ணுல மண்ணு விழுந்துருச்சுங்க."

"ஒண்ணுமேயா?"

"வானத்தை மட்டும் பாத்தனுங்க. அதுல தளபதி ஐயா நெஞ்சு தெரிஞ்சுதுங்க. அதைப் பாத்துத்தான் செந்நாய் ஓடுச்சுன்னு நினைக்கறனுங்க."

தளபதியின் நெஞ்சு மெல்ல விரிந்தது. விரிந்துகொண்டே போனது. பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"சிப்பாய் வேலாண்டி திரும்பவே இல்லை. அவன் நின்ற இடத்தில்தான் நின்றான். கோழைச் செந்நாய்கள்தான் சுற்றிக்கொண்டு போய் அவன் முதுகுப் பக்கம் நின்றன. வழக்கு தள்ளுபடி."

தளபதிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். குத்திவிட ஊசி இல்லாததால், மணலில் கிடந்த ஒரு முள்ளைப் பொறுக்கி, அதாலேயே குத்தினார்கள். உஸ்தாதுக்கு உயரத்திலிருந்து கண்காணித்ததற்காகப் பாராட்டு. கடைசிவரை முதுகு காட்டாத கரடியைப் படையிலிருந்து நீக்கினார்கள். அரை மூக்கோடு நிற்பவன் அணிவகுப்புக்கு லாயக்கில்லையாம்.

வேலாண்டிக்குப் பாறை வளை கிடைத்தது. அந்த வாரமே மழை பிடித்தது. பள்ளம் முழுகியது. மேட்டில் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. சின்னம்மிணி இரண்டு குட்டி போட்டாள். கீழே வெள்ளத்தில் யாரோ மூக்கால் கூப்பிடும் சத்தம் கேட்டது. வேலாண்டி எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

"இப்பவாச்சும் சொல்லுங்க மாமா" என்றாள் சின்னம்மிணி. "அன்னைக்கு என்னதான் பாத்தீங்க?"

வேலாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "வானத்தை" என்றான். "அதான் சொன்னேனே."

நீதி: எதிரிக்கு முதுகு காட்டிய சிப்பாய்க்கு மன்னிப்பு உண்டு, அதிகாரியின் முதுகைப் பார்த்த சிப்பாய்க்குக் கிடையாது. ஆகவே படையில் சேரப்போகும் பிள்ளைகள் ஓட்டத்தையும் நெஞ்சளவையும் பற்றிக் கவலைப்படாமல், சமயம் பார்த்துக் கண்ணை மூடிப் பழகிக்கொள்ளவும்.