ஒட்டகத்துக்குக் குங்குமப்பூ

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒட்டகக்காரரைப் போல நம்பிக்கையுள்ள மனிதர் இன்னொருவர் பிறந்ததில்லை. பிறந்திருந்தால் வீட்டில் கட்டிப்போட்டிருப்பார்கள்.

எண்பதுகளின் கடைசி. பக்கத்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை ராணி என்கிற வெள்ளை ஒட்டகத்தின் மேல் ஏற்றிச் சுற்றுவதுதான் அவர் பிழைப்பு. ராணி சினையானாள். கல்யாண ஊர்வலம் நடத்தும் பூந்தமல்லி முதலாளி ஒருவர், குட்டியும் வெள்ளையாகப் பிறந்தால் அவர், ராணி, குட்டி மூன்று பேருக்கும் நிரந்தர வேலை என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஒட்டகக்காரர் என் வாசலில் வந்து நின்றார்.

"யக்கா, நீ மாசமா இருந்தப்போ குங்குமப்பூ எங்க வாங்குன?"

"இன்னா, உன் பொண்டாட்டி முழுகாம கீறாளா?"

"ராணிக்கு யக்கா. குட்டி வெள்ளையா பொறக்கணும்."

"நானும் தெனம் பால்ல போட்டுக் குடிச்சேன். மாமியார் வூட்லேர்ந்து வந்துகீற என் பொண்ணு இன்னா கலரு, பாரு."

பார்த்தார். யோசித்தார். "நீ ஒட்டகம் இல்லியே யக்கா" என்றார்.

தினமும் ராணிக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுத்தார். அவள் கண்ணில் வெள்ளையே படட்டும் என்று கொட்டகை, தொட்டி, வேப்பமரம் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்தார். கறுப்புக் குடையோடு யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. வளைகாப்புக்கும் கூப்பிட்டார். எலுமிச்சை சாதம் முழுவதையும் ராணியே தின்றாள். எங்களுக்கு வெற்றிலை பாக்கு.

ராணியைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர் பொறுமையாகக் கேட்டார்: "இதோட அம்மா என்ன கலர்?"

"பழுப்பு சார்."

"அப்ப ராணிகிட்ட அப்பன் குடுத்த வெள்ளையும் இருக்கு, அம்மா குடுத்த பழுப்பும் இருக்கு. வெள்ளை மேல தெரியுது, பழுப்பு உள்ள ஒளிஞ்சிருக்கு. குட்டியோட அப்பனும் பழுப்பு. ராணி எதைக் குடுப்பாளோ, பாதிக்குப் பாதி."

"அதுல குங்குமப்பூவுக்கு எத்தினி பங்கு சார்?"

"ஒண்ணும் இல்ல."

"சின்ன வயசு, போகப் போகத் தெரிஞ்சிக்குவாரு" என்று டாக்டரை மன்னித்து அனுப்பினார்.

குட்டி பிறந்தது. வறுத்த காப்பிக்கொட்டை நிறம். ஒட்டகக்காரர் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். நிறம் போகத்தான் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

"ஈரமா கீது யக்கா. குளுரும்."

முதலாளி வந்து குட்டியைச் சுற்றிப் பார்த்தார். "பரவால்ல, ஊர்வலம் ராத்திரிதானே. வெள்ளை பெயிண்ட் அடிச்சுக் கூட்டிகினு வா. வேல உனக்குத்தான்."

வேப்பமரத்தையே விடாத மனிதர்; இப்போது வாளியை எடுப்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"புள்ளைக்கு வெள்ளை அடிக்கிறதா? அது இன்னா செவுரா நைனா? நீ கெளம்பு."

மறுபடியும் ஏரிக்கரை, அதே வெயில். ராணியின் பின்னால் காப்பிக்கொட்டை துள்ளிக்கொண்டு போனது.

அந்த வருஷமே என் பெண் பிரசவத்துக்கு வந்தாள். மிச்சக் குங்குமப்பூவை டப்பாவோடு கொண்டுவந்து நீட்டினார்.

"இன்னாய்யா, கலருக்கா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

கூடவே வந்திருந்த குட்டியின் காதைத் தடவினார். "கலரு கெடக்குது யக்கா. பால்ல போட்டா நல்லா வாசனையா கீது. ராணிக்கு ரொம்பப் புடிச்சுது."