நடுவீட்டுச் சமாதான உடன்படிக்கை

கொழிஞ்சாம்பாறை,
1978 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை.

தேவிகுளம் தாலுக்கா ஆபீஸில், மேகங்களுக்கு நடுவே அமர்ந்து, கோப்புகளுக்குச் சளி பிடிக்காமல் காத்துவரும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ஆறுச்சாமிக்கு, உன் மாமன்மாரில் அழகிலும் அறிவிலும் முதல்வனும், மேற்கு ஆசியாவுக்கு இன்னும் யாராலும் அழைக்கப்படாதவனுமாகிய செங்கோட்டையன் மாமன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நான் சௌக்கியம், எருமை சௌக்கியம், உலக சமாதானமும் ஒருவாறு சௌக்கியம். அவ்விடத்து மழை, குளிர், தாசில்தார் ஆகியோரின் நலத்துக்கு எழுதவும். நிற்க.

'அம்மாவை நடுவீட்டை விட்டு யாரும் கிளப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா, எனக்கு லீவு கிடைக்கவில்லை' என்று நீ கண்ணீரும் மையும் கலந்து எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. கவலையை விடு. விஷயத்தை அடியோடு தீர்த்துவிட்டேன். வரலாறு தெரியாதவன் சமாதானம் பேசக்கூடாது என்பதால், உனக்குத் தெரிந்ததையே மறுபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மேற்கே உன் மூத்த மாமன் குப்பண்ணன் வீடு. கிழக்கே இளைய மாமன் சென்னியப்பன் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு ஓட்டு வீடு, அதில் அவர்களுடைய உடன்பிறந்தாளும் எனக்குப் பெரியப்பன் மகளும் உன்னைப் பெற்றவளுமாகிய பழனாத்தாள் அக்கா. மூவரையும் பெற்ற ஆத்தா கண்ணை மூடும்போது 'நடுவீடு புள்ளைக்கு' என்று சொல்லிவிட்டுத்தான் மூடினார்கள். புள்ளை என்றால் நம் பக்கத்தில் மகள்தான்; ஆனால் மேற்கு வீட்டுக்கு அது 'மூத்த பிள்ளைக்கு' என்று கேட்டது, கிழக்கு வீட்டுக்கு 'கடைசிப் பிள்ளைக்கு' என்று கேட்டது. ஆகவே பன்னிரண்டு வருடமாக இரண்டு பேருக்கும் அந்த வீடு தன்னுடையது, உன் அம்மா வீட்டைக் கூட்டிப் பெருக்குவதற்காக இடையில் வந்து தங்கியிருப்பவள்.

இது தீராது என்றுதான் நானும் போன மாதம்வரை நினைத்திருந்தேன். அன்றைக்குச் சைனுதீனுடைய சாயாக்கடையில் பேப்பரை விரித்த சைனுதீன், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "கேட்டீங்களாண்ணே, எகிப்துக்காரனும் இஸ்ரேல்காரனும் ராசியாயிட்டாங்க. பலஸ்தீன் பிரச்சனையும் முடிஞ்சு போச்சாம்," என்றார்.

"எப்படி முடிஞ்சுது?" என்றேன்.

"அமெரிக்கப் பிரசிடெண்டு ரெண்டு பேரையும் ஒரு மலைமேல கூட்டிட்டுப் போயி, ஆளுக்கொரு பங்களா குடுத்து உக்கார வெச்சுட்டாரு. அவங்க மொகத்த மொகம் பாத்தா அடிச்சுக்குவாங்கன்னு, இவரே இந்தப் பங்களாவுக்கும் அந்தப் பங்களாவுக்கும் காயிதத்தத் தூக்கிட்டு நடையா நடந்து, கையெழுத்து வாங்கிப்போட்டாரு."

உள்ளே பருப்புவடை தட்டிக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரி நபீஸா எட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "போட்டோவுல மூணு பேருதானே நிக்கிறாங்க? ஆரு ஊட்டப்பத்திச் சண்டையோ அந்தப் பலஸ்தீன்காரன் எங்க?" என்று கேட்டாள்.

"அவனக் கூப்பிடல."

"ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டா வந்துருவானே!"

மாப்பிள்ளை, டில்லியிலும் லண்டனிலும் மெத்தப் படித்தவர்கள் ஆயிரம் பக்கம் எழுதியும் விளங்காத ராஜதந்திரத்தை, ஒரு சாயா ஆற்றுகிற நேரத்தில் சைனுதீன் விளக்கிவிட்டார். இனி அந்தச் சீமையில் அமைதி எப்போது வரும் என்று எவனாவது உன் ஆபீஸில் கேட்டால், வந்துவிட்டது என்று சொல். அங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியப்படுத்துவதுதான் பாக்கி. அதற்கும் ஒரு கமிட்டி போட்டிருப்பார்கள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அமெரிக்கப் பிரசிடெண்டுக்கு இருப்பது இரண்டு கால் என்றால், எனக்கும் இரண்டு கால்.

மலை ஒன்றுதான் அகப்படவில்லை. நம் ஊரில் உயரமான இடம் என்று பார்த்தால், களத்தில் கொட்டி வைத்திருக்கிற கடலைத்தோல் பொட்டுக் குவியல்தான். அதன்மேல் இரண்டு வல்லரசுகளை உட்கார வைக்க முடியாது. மேற்கு வீட்டில் வைத்தால் கிழக்கு கை நனைக்காது, கிழக்கில் வைத்தால் மேற்கு வாசல் மிதிக்காது. இரண்டுக்கும் பொதுவான இடம் எது என்று இரவு பகலாக யோசித்து, என் மூளையிலிருந்து புகை கிளம்பி அக்கம்பக்கத்தார் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்த பிறகு, நடுவீடு என்று முடிவு செய்தேன். குப்பண்ணனுக்கு முன் அறை, சென்னியப்பனுக்கு நெல் அறை. உன் அம்மா மட்டும் பாயையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு மாட்டுச்சாளைக்குப் போக வேண்டியிருந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தானக்கா," என்றேன்.

"என்ற ஊட்டுக்குள்ள உக்காந்து என்னத்தப்பா பேசப் போறீங்க?"

"உன்னப் பத்தித்தான்."

"அப்ப நானும் இருக்க வேண்டாமா?"

"நீ இருந்தா ஒளிவு மறைவில்லாமப் பேச முடியாதக்கா."

அவள் பாயைச் சுருட்டினாள். சாளையிலிருந்த எருமையை அவிழ்த்து நடுவீட்டு முற்றத்தில் கட்டினேன். ஏன் என்று கேட்பாய். இரண்டு மாமன்மாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, என்ன பேசுவதென்றாலும் எருமையைப் பார்த்துத்தான் பேசுவார்கள் என்பது நீ அறிந்ததே. "ஏ எருமெ, கெழக்கால ஊட்டுக்காரங்கிட்டச் சொல்லு, வரப்ப வெட்டுனா கை இருக்காதுன்னு" என்பார் குப்பண்ணன். "ஏ எருமெ, மேக்கால ஊட்டுக்காரருக்கு மொதல்ல இடுப்பு நிமிருதான்னு கேளு" என்பார் சென்னியப்பன். தம்பி என்ற சொல்லையோ அண்ணன் என்ற சொல்லையோ இவர்கள் வாயால் சொன்னால், எதிராளியை அங்கீகரித்ததாகிவிடும். அப்புறம் சட்டச் சிக்கல். எருமை இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி வாலை ஆட்டும். ஐக்கிய நாடுகள் சபையில் இத்தனை நடுநிலையான உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. ஆக, எருமை மாநாட்டுக்கு உள்ளே வந்தது, உன் அம்மா எருமை இருந்த இடத்துக்குப் போனாள். வரலாறு பெரிய மாற்றங்களை இப்படித்தான் சத்தமில்லாமல் செய்கிறது.

பிறகு நான் நடந்த நடை இருக்கிறதே, அதைத் தேவிகுளத்துப் பக்கமாக நடந்திருந்தால் உன்னைப் பார்த்து, பள்ளிவாசல் என்கிற ஊரில் இறங்கி ஒரு டீ குடித்து, சாந்தன்பாறையில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். முன் அறைக்கும் நெல் அறைக்கும் நடுவே தரை தேய்ந்து வாய்க்கால் ஆகிவிட்டது, மழை வந்தால் நெல் நடலாம். மூன்று தடவை குப்பண்ணன் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். நான்கு தடவை சென்னியப்பன் செருப்பை மாட்டினார். ஒவ்வொரு தடவையும் சமையல்கட்டிலிருந்து சந்தகை பிழிகிற வாசமும் நாட்டுக்கோழி கொதிக்கிற வாசமும் வந்து, 'சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொள்ளலாம்' என்று இரண்டு வல்லரசுகளையும் உட்கார வைத்தது. அத்தனையும் உன் அம்மா கைச் சமையல். மாநாடு நடந்தவரை மூன்று வேளையும் சாளையிலிருந்து வந்து ஆக்கிப் போட்டுவிட்டு, மறுபடி சாளைக்குப் போனாள். அவளுடைய ஒத்துழைப்பு இல்லாமல் இந்தச் சமாதானம் நடந்திருக்காது என்று உடன்படிக்கையிலேயே நன்றி சொல்லியிருக்கிறோம், பெயர் மட்டும் போடவில்லை. பெயர் போட்டால் அவளும் ஒரு தரப்பு என்று ஆகிவிடுமல்லவா?

இப்போது ஷரத்துகளைக் கேள். முன் அறை மேற்குக்கு. நெல் அறை கிழக்குக்கு. சமையல்கட்டு இருவருக்கும் பொது. உன் அம்மாவை யாரும் கைவிடவில்லை. அவளுக்குத் தாழ்வாரத்தில் ஐந்து வருடத்துக்குப் பரிபூரண சுயாட்சி. தாழ்வாரத்து எல்லைக்குள் கோழியைக் கூடையில் கவிழ்ப்பது, தண்ணீர்க் குடத்தை எந்த மூலையில் வைப்பது, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது ஆகிய எல்லா அதிகாரமும் அவளுக்கே. கூரை ஓட்டைப் பிரிப்பதென்றால் மட்டும் இரண்டு அண்ணன் தம்பியையும் கேட்கவேண்டும். மூன்றாம் வருடம் எல்லோரும் கூடி, கடைசியாக அவள் எங்கே இருக்கவேண்டும் என்று பேசுவோம். இந்த ஐந்து வருடக் கணக்கும் மூன்று வருடக் கணக்கும் என் சொந்தச் சரக்கு அல்ல, சைனுதீன் பேப்பரில் இருந்த சரக்கு. பலஸ்தீனத்துக்குப் பொருந்துகிற சட்டை உன் அம்மாவுக்குப் பொருந்தாதா?

கொல்லைப் புளியமரத்தை மட்டும் நான் பேச்சில் எடுக்கவே இல்லை. இருவருக்கும் அது உயிர். எடுத்தால் மாநாடு உடைந்துவிடும். மேற்கு 'மரம் எனது' என்று தனியாக ஒரு தாள் கொடுத்தது, கிழக்கு 'மரம் எனது' என்று தனியாக ஒரு தாள் கொடுத்தது. இரண்டையும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, மரத்தின்மேல் பூரண ஒற்றுமை நிலவுகிறது என்று அறிவித்தேன். ஜெருசலேம் விஷயத்தில் பெரியவர்களும் ஆளுக்கொரு கடிதம்தான் எழுதிக்கொண்டார்களாம். அப்புறம் நான் எம்மாத்திரம்?

இன்று மதியம் எல்லோரும் சைனுதீன் கடைக்கு ஊர்வலமாகப் போய், உடன்படிக்கையை உரக்கப் படித்தோம். குப்பண்ணன் எழுந்து நின்றார், சென்னியப்பன் எழுந்து நின்றார், பெஞ்சு ஒருபக்கம் தூக்கிக்கொண்டதால் நானும் எழுந்து நிற்க நேர்ந்தது. கூட்டத்தில் கைதட்டல் காதைப் பிளந்தது; வாளையாறு கணவாயில் எதிரொலித்துக் கோயமுத்தூர் வரை கேட்டதாகத் தகவல். "பழனாத்தாக்காவுக்குச் சொல்லியாச்சா?" என்று நபீஸா மட்டும் ஒரு அபசகுனக் கேள்வி கேட்டாள். இனிமேல் முறைப்படி தெரிவிக்கப்படும் என்றேன். இதோ, அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் உனக்கு எழுதுகிறேன். ஆகையால் லீவு, பஸ், மலையிறக்கம், வாந்தி எதுவும் வேண்டாம். உன் அம்மா நடுவீட்டை விட்டுப் போகவில்லை, நடுவீடுதான் அவளைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

உனக்குச் சீக்கிரம் உத்தியோக உயர்வும், கழுத்துவரை மூடும் கம்பளிச் சட்டையும், மாமனைப்போல் மூளையும் வாய்க்க, நம் ஊர் மாரியம்மனும் அந்த ஊர்க் குளிரும் அருள் புரியட்டும். ஆபீஸில் என்னை விசாரிப்பவர்களுக்கும், விசாரிக்காத நன்றி கெட்டவர்களுக்கும் என் அன்பைச் சமமாகப் பங்கிட்டுக் கொடு.

இப்படிக்கு,
உலக சமாதானத்தின் கொழிஞ்சாம்பாறைக் கிளை நிறுவனரும் உன் பிரிய மாமனுமாகிய,
செங்கோட்டையன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டவில்லை. உடன்படிக்கையை முறைப்படி தெரிவிக்க மூவருமாக நடுவீட்டுக்குப் போனோம். கதவு உள்பக்கம் தாழ். எருமை பழையபடி சாளையில். முன் அறை ஜன்னலில் உன் அம்மா.

"கதவத் தெறக்கா. ஒரு நல்ல சேதி," என்றேன்.

"நபீஸா வந்து சொல்லிப்போட்டா. காயிதத்தக் குடு பாக்கலாம்."

கம்பி வழியாக நீட்டினேன். படிப்பாள் என்று நினைத்தேன். உள்ளே கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பு புகைந்தது. சுயாட்சி, ஐந்து வருடம், ஷரத்து எல்லாம் ஓட்டுக்கு மேலே போய்விட்டது. அரிசிம்பருப்புச் சோறு கமகமவென்று வந்தது, ஒரு ஆளுக்கு மட்டும் ஆக்குகிற வாசம்.

"ஆரக் கேட்டு ஆரு ஊட்டப் பங்கு போட்டீங்க?" என்று திரும்பி வந்து கேட்டாள். "எங்கிட்டப் பேசோணும்னா பகல்ல வந்து, வாசல்ல நின்னு, எம்பேரச் சொல்லிக் கூப்புடுங்க. தோணுச்சுன்னா தெறப்பேன்."

குப்பண்ணன் தம்பியைப் பார்த்து, "ஏன்டா சென்னி, இப்ப என்ன பண்றது?" என்றார். "எல்லாம் இந்தச் செங்கோட்டையனாலதானுங்கண்ணா," என்றார் சென்னியப்பன். பன்னிரண்டு வருடத்தில் முதல் பேச்சு. அதில் என் பங்கை வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்கட்டும். அவள் படிக்கட்டும் என்று காகிதத்தோடு நீட்டிய என் மூக்குக்கண்ணாடியும் உள்ளேயே போய்விட்டதால் இதைக் குத்துமதிப்பாக எழுதுகிறேன்.

பையனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஜன்னலில் கேட்டேன். தன்னைப் பற்றிய விஷயத்தில் நான் தன்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்றாள். பிறகு சொன்னாள்: "நா என்ற ஊட்லதான் இருக்கறேன்னு எழுது."

அவ்வளவுதான். ஒரு கார்டில் முடிந்திருக்கும்.