நிமியா நாக்கைப் பார்த்த காரணம்

"சர்டிஃபிகேட்டுல நிமியா பேரும் வருமா, டாக்டரம்மா?"

கேட்டவர் கறிக்கடை தோன் பெனிக்னோ. அவருடைய பருத்த கையில் சுற்றியிருந்த பிரஷர் பட்டையை, ஊர் டாக்டரம்மா என்று கூப்பிடும் மருந்துக்கடைக்காரி சுனில்தா வெடுக்கென்று கழற்றினாள்.

"அவ பேரு எதுக்கு?"

"பிரஷர் இறங்கினது அவ பச்சிலையாலன்னுதானே ஊரு பேசுது."

சுனில்தா மருந்துக்கடை நோட்டைத் திறந்து அவர் முன் வைத்தாள். நாற்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் ரத்த அழுத்தம் கட்டுக்குள். யார் எந்த மாதம் மாத்திரை வாங்கினார் என்பது வரை எழுதியிருந்தது. பராகுவே முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு நோட்டு கிடைக்காது என்பது அவள் எண்ணம். இதைப் பார்க்கத்தான் இரண்டு மாதம் கழித்து தலைநகர் அசுன்சியோனிலிருந்து ஒரு டாக்டர் பாராட்டுச் சான்றிதழோடு வரப்போகிறார்.

"இது ஆதாரம். அவகிட்ட என்ன இருக்கு? ஒரு உரல்!"

அந்த உரல் கடை வாசலிலேயே இருந்தது. ஊர் மரியாதையாக 'ஞா' சேர்த்துக் கூப்பிடும் நிமியா தினமும் காலையில் அங்கே பச்சிலை இடிப்பாள். ஊர் அதை ஐஸ் தண்ணீரில் போட்டு, தெரெரே என்ற பானமாகக் குழலில் நாள் முழுக்க உறிஞ்சும். கடைக் கண்ணாடி வழியாக வாங்குபவர்களின் முதுகும் நிமியாவின் முகமும் மட்டும் தெரியும்.

"நாக்கை நீட்டு," என்பாள் ஒவ்வொருவரிடமும். குனிந்து பார்ப்பாள். திருப்தியான பிறகுதான் உலக்கையைத் தொடுவாள்.

"நாக்கைப் பாத்து பிரஷர் சொல்றாளாம்!" என்று சுனில்தா பல்லைக் கடித்தாள்.

அன்றே கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினாள்: 'பச்சிலை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சந்தேகம் இருந்தால் உள்ளே வரவும்.'

ஊர் அவளை மதித்தது. எட்டுப் பேர் உடனே பச்சிலையை விட்டார்கள்.

மூன்றே வாரத்தில் அந்த எட்டுப் பேருக்கும் பிரஷர் ஏறியிருந்தது.

"பச்சிலையை விட்டா ஏறாம என்ன செய்யும்?" என்றது ஊர்.

சுனில்தா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் ஒரு பெரிய அட்டையோடு நின்றாள். எட்டுப் பேரை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்றாள். உப்பைப் பற்றிச் சொன்னாள். தொத்திறைச்சியைப் பற்றிச் சொன்னபோது தோன் பெனிக்னோ மட்டும் இருமினார். மற்றவர்கள் கை தட்டினார்கள். அன்று அவள் கால் தரையில் படவில்லை.

மறுநாள் நிமியாவிடம் ஒருவரும் போகவில்லை. அவள் உரலைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க, ஞா நிமியா?"

"பஸ் ஸ்டாண்டுக்கு. நீ படிச்ச பொண்ணு, உன்கூட எனக்கென்ன சண்டை. ஆனா நாக்கைப் பாக்க ஒரு ஆள் போட்டுக்கோ, டாக்டரம்மா."

"அந்த வைத்தியமெல்லாம் இங்க நடக்காது."

அடுத்த மாதம் நாற்பத்தொரு பேருக்கும் ஏறியிருந்தது. தோன் பெனிக்னோவுக்கு நூற்றெண்பது.

"மாத்திரை?"

"மாசம் தவறாம வாங்கறேனே. உன் நோட்டைப் பாரு."

பார்த்தாள். எல்லோருமே வாங்கியிருந்தார்கள். அப்படியானால் கருவிதான் கோளாறு. புதிது வரவழைத்தாள். அது நூற்றெண்பத்தாறு காட்டியது.

அந்த நேரம் பார்த்து அசுன்சியோன் டாக்டர் உள்ளே வந்தார். நோட்டை முதலிலிருந்து கடைசிப் பக்கம் வரை மெதுவாகப் புரட்டினார்.

"அருமையான நோட்டும்மா. மாத்திரையை எல்லாரும் ஒழுங்கா வாங்கியிருக்காங்க. நிறுத்தினது பச்சிலையை மட்டும்தான். நாற்பத்தொரு பேருக்கும் ஏறியிருக்கு. உங்க ஆதாரம் என்ன சொல்லுது?"

சுனில்தா எழுந்து கதவுக்குப் போனாள். அறிவிப்பை ஓரம் கிழியாமல் தன் கையாலேயே உரித்தாள்.

"ஆதாரம் சொன்னா நான் கேட்டுப்பேன், டாக்டர். பச்சிலை வேலை செய்யுது. சான்றிதழ்ல ஞா நிமியா பேரையே போடுங்க."

தலை நிமிர்ந்துதான் சொன்னாள்.

தோன் பெனிக்னோ சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"அட, இலையில என்ன இருக்கு டாக்டரம்மா, மாத்திரையை முழுங்கிட்டு நாக்கைக் காட்டினாத்தான் அவ இலையே தருவா, இப்பதான் இலை வேண்டாம்னு ஆயிடுச்சே, நீ குடுத்த மாத்திரை எல்லாம் ஒண்ணு விடாம வீட்டு டிராயர்ல பத்திரமா இருக்கு!"