பூனைக்காரர் கேட்ட ஒரே ஒரு பக்கம்

கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை ஜாவா என்கிற கணினி மொழி படித்தவர் எவராவது, பூனைக்காரர் கை படாமல் தன் கணினியில் முதல் பக்கத்தைத் திறந்திருந்தால், நான் எழுதுவதை இன்றோடு நிறுத்திவிடுகிறேன்.

கம்பத்தில் வாழைக்காய் மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். நான்கு மேசை, ஒரு மின்விசிறி, கேட்காமலே படியேறி வரும் பழ வாசனை. புதுக் கணினி வந்தால், பேருந்து நிலையம் பக்கம் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பூனைக்காரரைக் கூப்பிடுவோம். ஜாவாவைப் போட்டு, அதற்கு மேல் டாம்கேட் என்கிற சர்வரை ஏற்றுவார். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் ஒரு மஞ்சள் பூனை வந்து நிற்கும். அது வரும்வரை அவர் உட்கார மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். வந்ததும் மாடிப்படியில் நின்று, "பூனை வந்துருச்சு" என்று ஊருக்கே அறிவிப்பார். கீழே மண்டிக்காரர் சும்மா இருப்பாரா?

"வந்தது சரிய்யா. குடோன்ல எலி துள்ளுது, அதை இங்கன இறக்கி விடு."

தேவையான மென்பொருள் எல்லாம் ஒரே பென் டிரைவில். பென் டிரைவ் அவர் அரைஞாண் கயிற்றில். கயிறோ குட்டை. அதனால் காப்பி ஆகி முடியும்வரை, கணினிப் பெட்டியோடு இடுப்பை ஒட்டிக்கொண்டு, முளையில் கட்டிய கன்றுக்குட்டிபோல நிற்பார். ஒருநாள் எதிர் மேசையில் அவர் கைபேசி அடித்தது. ஞாபகமில்லாமல் நடந்தார். பெட்டியும் இரண்டடி கூடவே நடந்தது.

"கழட்டிக் குடுங்கண்ணே, நாங்களே போட்டுக்கிறோம்."

"போட்டுருவீக. ஜாவாவுக்கு வீடு எங்கன இருக்குன்னு மெசினுக்குச் சொல்லுவீகளா? அந்த ஒரு வரியை மறந்துருவீக. வீடு தெரியாம அது எப்படித் தம்பி வேலைக்கு வரும்?"

இத்தனை கணினிக்கும் பூனையை வரவழைத்த மனிதர் ஒரு வரி நிரல் எழுதியதில்லை. "அடுப்பைப் பத்த வச்சுத் தருவேன் தம்பி. சோறாக்கத் தெரியாது" என்பார்.

அப்படிப்பட்டவர் என்னிடம் ஒரே ஒரு இணையப் பக்கம் கேட்டார். அவர் மனைவி ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியற்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிப் போகிறவர். மழை நாளில் மண் சரிந்தாலோ வண்டி நின்றாலோ கூப்பிட்டுச் சொல்ல மலையில் சிக்னல் இல்லை. பொழுது சாய்ந்தால் இவர் கடை வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"செக்போஸ்ட்டு டீக்கடைக்காரர், ஜீப்பு கீழ தாண்டுனதும் ஒரு பட்டனை அமுக்கணும். இங்கன நாங்க பாத்துக்கிருவோம். அம்புட்டுத்தான் தம்பி."

"போன் பண்ணச் சொல்லலாமேண்ணே."

"நாப்பது ஜீப்பு போகுது. எத்தனை வீட்டுக்குத்தான் அவர் பண்ணுவாரு?"

அடுத்த வாரம் எழுதித் தருவதாகச் சொன்னேன். அந்த நாட்களில் நான் எதிலும் நிலைத்து உட்காராதவன்; மேகமலையில் ஒரு மேகம் நகர்ந்தால் என் கவனமும் எழுந்து அதன் பின்னால் போய்விடும். அவர் வந்து கேட்டபோது, "மெசின்ல ஜாவா பழசுண்ணே" என்றேன். மறுநாளே புதியதைப் போட்டு, பூனையைக் காட்டினார். "டேட்டாபேஸ் வேணுமே" என்றேன். இடுப்போடு நின்று அதையும் ஏற்றினார். "சர்வரோட வாசலை, அதான் போர்ட்டை, வேற ஏதோ புரோகிராம் புடிச்சிருக்கு" என்றேன். பிடித்திருந்ததைத் துரத்திவிட்டார். பள்ளத்தாக்கிலேயே குறையில்லாத கணினி என்னுடையதாயிற்று. நான் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் பழுது என்று நம்பி, அவர் பழுதுபார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் என்னிடம் சாக்கு தீர்ந்துபோனது.

"மனசு ஒட்டலண்ணே."

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு எங்கிட்ட சாப்ட்வேர் இல்லையே தம்பி."

ஐப்பசி மழையில் ஒருநாள் ஜீப் வரவில்லை. மறுநாள் காலையில்தான் எல்லோரும் பத்திரமாக வந்து இறங்கினார்கள். அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் அங்கன கஞ்சி குடிச்சிட்டு நல்லாத் தூங்குனேன் தம்பி. இவுகதான் விடிய விடிய நின்னுருக்காக. மலையில மாட்டிக்கிட்டது நானா அவுகளான்னு ஆளைப் பாத்துச் சொல்லுங்க."

என்னால் பூனைக்காரர் பக்கம் திரும்ப முடியவில்லை.

அடுத்த மாதம் அவர் கடையை மூடினார். மனைவி வேலை பார்க்கும் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே ஓர் அறை; ஏலக்காய் எடை போடும் வேலை. சாமான் ஏற்றிய ஜீப்பை மண்டி வாசலில் நிறுத்திவிட்டு மாடியேறி வந்தார். கயிற்றிலிருந்து பென் டிரைவை அவிழ்த்து என் மேசையில் வைத்தார்.

"இனி அவளுக்கு நான் காத்திருக்க வேணாம்ல தம்பி. நீங்களும் சங்கடப்படாதீக."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்ட பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். காலையில் தொடங்கியது, மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை. இன்று டீக்கடைக்காரர் பட்டனை அமுக்க, ஜீப் வரும் நேரத்தில் பல வீடுகள் அந்தப் பக்கத்தைப் பார்க்கின்றன. கேட்டவர் வீடு மட்டும் பார்ப்பதில்லை.

இப்போது சர்வர் நிரலுக்குள்ளேயே அடங்கி வந்துவிடுகிறது. பூனை முகம் காட்டுவதில்லை. ஆனாலும் அலுவலகத்துக்குப் புதுக் கணினி வந்தால், அவருடைய பென் டிரைவைச் செருகி, யாருக்கும் தேவைப்படாத அந்தப் பழைய சர்வரை ஏற்றுகிறேன். அதுவரை உட்காருவதில்லை. மஞ்சள் பூனை வந்ததும் மாடிப்படிக்குப் போய், மலையைப் பார்த்து மெதுவாகச் சொல்கிறேன்: "வந்துருச்சுண்ணே."