பறக்க மறுத்த பாட்டில்

"உஸ்ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. ராக்கெட் மட்டும் கிளம்பவில்லை.

அறிவியல் வாத்தியார் குனிந்து பார்த்தார். தலைகீழாக நிற்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர். வாயில் கார்க், கார்க்கைத் துளைத்து சைக்கிள் வால்வு, வால்வில் பம்பு. பழைய பலகையில் அவரே ஆணியடித்த ஏவுதளம். காற்றடிக்க அடிக்க அழுத்தம் ஏறி, பாட்டில் கார்க்கை உதறிவிட்டு ஜிவ்வென்று மேலே போக வேண்டும். பாடப்புத்தகத்தில் போய்விட்டது.

"காத்து எங்கயோ போகுது சார்" என்றாள் இன்ஜினியர். வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். கோணம் அளக்கிறேன் என்று ஜாமெட்ரி பாக்ஸோடு ஏவுதளத்தை விட்டு நகரமாட்டாள். பம்பு அடிக்குமுன் பாட்டிலைக் கடைசியாகச் சரிபார்ப்பதும் அவள்தான்.

"கார்க்தான் லூசு" என்றார் வாத்தியார். "விடமாட்டேன். இது மட்டும் பறக்கட்டும், மறுநாளே அழுத்தப் பாடத்துல டெஸ்ட். சூட்டோட சூடா எழுதினா எல்லாரும் நூத்துக்கு நூறு!"

"சரிங்க சார்" என்றது வகுப்பு.

வாத்தியாரின் கவலை வேறு. ஆய்வகத்துக்கென்று ஒரு அறை கேட்டு நடையாய் நடந்து வாங்கியிருந்தார். அதற்குள் தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாவது ஒண்ணு பறக்கணும் சார். இல்லன்னா அந்த ரூம்ல உடைஞ்ச பெஞ்ச அடுக்கிடுவேன்."

மறுநாள் கார்க்கைச் சுற்றி சைக்கிள் ட்யூப் ரப்பரை இறுக்கிக் கட்டினார். புது பாட்டில். இன்ஜினியர் தடவிப் பார்த்து, "பக்கா சார்" என்றாள்.

உஸ்ஸ்ஸ்.

"கார்க்தான்!" என்று பல்லைக் கடித்தார்.

அடுத்த நாள் பசையை அள்ளிப் பூசினார். அது காய்ந்ததில் பாட்டில், கார்க், வால்வு, பம்பு எல்லாம் ஒரே உடம்பாகிவிட்டன. பம்பு விளையாட்டு வாத்தியாருடையது. ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பம்பின் கைப்பிடி கையோடு வந்தது, ஏவுதளத்தின் கால் முறிந்தது.

"உங்ககிட்ட ஒரு பொருளக் கொடுத்தா இப்படித்தான்" என்று விளையாட்டு வாத்தியார் முறைத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை தலைமையாசிரியையே வந்து நின்றார். வாத்தியார் வேறொரு பம்பில் மூச்சு வாங்க வாங்க அடித்தார். பாட்டிலின் பக்கவாட்டிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்சி, நேராகத் தலைமையாசிரியையின் கண்ணாடியில் அடித்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்றார்.

"கவலப்படாதீங்க சார்" என்று பிள்ளைகள் சுற்றி நின்று தேற்றினார்கள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்." பெற்ற பிள்ளைகள்கூட இவ்வளவு ஆறுதல் சொல்ல மாட்டார்கள் என்று வாத்தியார் உருகிப்போனார்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வரவில்லை. காய்ச்சலாம்.

"போச்சு, என் வலது கையே இல்ல" என்று தலையில் கைவைத்தார். மாற்ற வேறு யோசனையும் இல்லை. புது பாட்டிலை அப்படியே மாட்டி, சரிபார்க்காமலே அடித்தார். உஸ் சத்தமே வரவில்லை. "டப்" என்றது. ராக்கெட் எல்லார் தலையிலும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மொட்டைமாடிக்கு மேலே போய், திரும்பி வந்து மைதானத்தின் நடுவில் விழுந்தது.

தலைமையாசிரியை வாயைப் பிளந்தார். "ரூம் உங்களுக்குத்தான் சார்!"

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் முகமெல்லாம் தொங்கிக் கிடந்தது. வராத தோழியை நினைத்துத்தான் என்று எண்ணிக்கொண்டார்.

"எனக்கும் மனசு கேக்கல. இதப் பாக்க நம்ம இன்ஜினியருக்குக் கொடுத்து வைக்கலியே!"

எப்போதும் வாய் திறக்காத கடைசி பெஞ்சுக்காரி விசும்பினாள்.

"அவ வந்திருந்தா பறந்திருக்குமா சார்? டெஸ்ட் வேண்டாம்னு தினமும் காம்பஸால பாட்டில்ல ஓட்டை போட்டதே அவதான்!"