நாற்றம் போன நாள்

"மேடம், பஸ்ஸுல போறவங்கல்லாம் நம்ம காம்பவுண்டு வந்தாலே ஜன்னலச் சாத்திக்கினு போறாங்க" என்றான் ஆபரேட்டர் பூவரசன்.

திண்டிவனத்தை அடுத்த பழச்சாறு ஆலையில் கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பொறுப்பான இன்ஜினீயர் இசைவாணி. நாற்றம் தாங்கவில்லை என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளில் சரிசெய்யாவிட்டால் ஆலையை மூட வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி நோட்டீஸ் கொடுத்திருந்தார். நூற்றிருபது பேருக்கு வேலை போய்விடும்.

"பாவம், பக்கத்து ஊர் ஜனங்க எப்படித்தான் சோறு திங்கிறாங்களோ! ரெண்டே நாள்ல முடிக்கிறேன் சார்" என்றாள் மேனேஜர் வெங்கடாசலத்திடம்.

முதலில் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாள். கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நுண்ணுயிர்கள் கூண்டோடு செத்தன. செத்தவையும் சேர்ந்து நாறின.

தொட்டிக்குக் காற்று போதவில்லை என்று காற்றூதும் புளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டாள்.

"மேடம், நுரை பொங்கி செவுரு ஏறி ரோட்டுக்குப் போவுது!"

அடியில் தங்கிய சேற்றையாவது அப்புறப்படுத்தலாம் என்று டிராக்டரில் ஏற்றி அனுப்பினாள். அது சரியாக மெயின் கேட்டில் கவிழ்ந்தது. வெங்கடாசலம் மூக்கில் கைக்குட்டையோடு ஓடி வந்தார்.

"என்னம்மா இது பேஜாரு! வுட்டுடு, வெளியாளக் கூப்டுக்கலாம்."

"நான் கெடுத்தது சார். நானே சரி பண்றேன்."

அதன்பின் அவள் குறுக்குவழி தேடவில்லை. சாணம் கரைத்து ஊற்றிப் புதிதாக நுண்ணுயிர்களை வளர்த்தாள். காற்றை அளந்து விட்டாள். சேற்றை மணலில் பரப்பிக் காயவைத்து, சுண்ணாம்பு தூவினாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட் எந்தக் கூட்டத்திலும் காலியாகவே இருந்தது. அவள் அசரவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பூவரசன் தொட்டி மேல் குனிந்து, மூச்சை நன்றாக இழுத்தான்.

"மேடம்... ஒண்ணுமே வரல!"

மறுநாள் அதிகாரி வந்தார், மோந்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே ஊர்க்காரர்கள் இருபது பேர் கேட்டில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள், ஆலை மதிலை ஒட்டிய தன் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருக்கும் வீரம்மாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று இசைவாணி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போனாள்.

"இனிமே நாறவே நாறாதாம்மா?" என்று கேட்டாள் வீரம்மாள்.

"நாறாதும்மா. நான் கேரண்டி."

வீரம்மாள் தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி, அந்தப் புகாரக் குடுத்ததே எங்க நெலத்த வளைச்சுப் பிளாட்டு போடப் பாக்குற புரோக்கருதான், இந்த நாத்தத்துக்குப் பயந்துதான் இத்தினி நாளா அவன் இந்தப் பக்கமே வராம கெடந்தான்!"