படகு ஹாலுக்குள்ளே இருக்கிறது, மாப்பிள்ளை

நகர அவசரகால மேலாண்மை முகமையின் புதிய இயக்குநரும் என் ஒரே மகளின் கணவருமாகிய மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் ஈரமாக நலம். அங்கே நீங்களும் மகளும் காய்ந்த தரையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதவி ஏற்றதற்கு வாழ்த்துச் சொல்லத் தாமதமாகிவிட்டது, பொறுத்தருளவும். தண்ணீர் நேற்றுதான் வடிந்தது.

திங்கட்கிழமை கால்வாய் உடைந்து எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, உங்கள் அத்தை மூட்டுவலியால் எழுந்திருக்க முடியாமல் கட்டிலில் கிடந்தார். உடனே உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், அவசரமா பேரிடரா என்று கேட்டாள். முழங்கால் அளவு தண்ணிம்மா, அவசரம்தான் என்றேன். அவசரம்னா வரிசைப்படி காத்திருக்கணுமாம், பேரிடர்னாதான் உடனே ஆள் வருமாம். சரி தாயே, பேரிடர்னே வெச்சுக்கோ என்றால், அதை இயக்குநர்தான் அறிவிக்கணுமாம். இயக்குநர் என் மாப்பிள்ளைதாம்மா, கூப்பிடு என்றால், நீங்க தலைமைப் பண்புக் கூட்டத்துல இருக்கீங்களாம், முகமையோட குறிக்கோளை ஒரே வரியில எழுதிட்டு இருக்கீங்களாம். அந்த ஒரு வரி பட்ட பாட்டை உங்க டிரைவர் அப்புறம் சொன்னார். "மக்களைக் காப்பாற்றுவோம்"னு நீங்க எழுதினீங்களாம், நல்லாத்தானே இருக்கு? அது வாக்குறுதி ஆயிடும், யாராவது கேஸ் போட்டுடுவாங்கன்னு வக்கீல் பதறினாராம். "காப்பாற்ற முயல்வோம்"னு மாத்தினீங்க. அதுவும் ஆபத்துன்னு, "காப்பாற்ற முயல ஆவன செய்வோம்"னு முடிச்சு எல்லாரும் கை தட்டினீங்களாம். இங்கே கட்டில் மிதக்க ஆரம்பிச்சிருந்தது.

சரி, படகையாவது அனுப்பும்மான்னு கெஞ்சினேன். படகு உங்க ஆபீஸ் மாடியில கூட்ட ஹாலுக்குள்ள இருக்காம். திறப்பு விழாவுக்கு அழகா இருக்கும்னு தூக்கி வெச்சாங்களாம், அப்புறம் கண்ணாடிச் சுவர் எழுப்பிட்டாங்களாம், இப்ப வாசல் வழியா வெளியே வராதாம். நீங்க எல்லாரும் அந்தப் படகைச் சுத்தி நாற்காலி போட்டுத்தான் கூட்டமே நடத்துறீங்களாமே மாப்பிள்ளை! கடைசியில மாடி வீட்டுத் தையல்காரர், வருஷக்கணக்கா என்னோட முகம் கொடுத்துப் பேசாத மனுஷன், துணி வெட்டுற மேசையைத் தண்ணியில இறக்கி, உங்க அத்தையை அதுல படுக்க வெச்சு, நான் தள்ள அவர் இழுக்க, படிக்கட்டுக்குக் கொண்டு சேர்த்தார்.

அவ மாடியில தலை துவட்டிக்கிட்டு இருக்கும்போது உங்க ஆளுங்க வந்தாங்க, கேமராவோட. ஒரு மிதவைச் சட்டையை அவ கழுத்துல மாட்டி, ஒருத்தர் பணிவா, "அம்மா, ஒரே நிமிஷம் கீழே வந்து தண்ணியில நில்லுங்க, காப்பாத்திடறோம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பத்தி எரிஞ்சது. மாப்பிள்ளையோட ஆபீஸாச்சேன்னு அந்தப் பைத்தியக்காரி இறங்கிட்டா.

எனக்குப் பேச்சு அடுக்கத் தெரியாது. கட்டில் மிதந்தப்போ அவ என் கையைப் பிடிச்ச பிடியில நான் உண்மையிலேயே பயந்துட்டேன். மறுபடி மழை வரும்னு சொல்றாங்க, கால்வாய் உடைப்பை இன்னும் யாரும் அடைக்கலை. ஒண்ணு கண்ணாடியை உடைச்சு அந்தப் படகை வெளியே எடுங்க, இல்ல நீங்க வெளியே வாங்க. உறவு வேற, உயிர் வேற.

தங்கள் பதவியும் தங்கள் குறிக்கோள் வாசகமும் மேன்மேலும் நீள வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். படகு அங்கேயே இருக்கட்டுமாம், கண்ணாடியெல்லாம் உடைக்க வேண்டாமாம், மேலே எழுதியதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். பேப்பரில் வந்த தன் படத்தைப் பெரிதாக்கி ஒரு பிரதி அனுப்ப வேண்டுமாம். அடுத்த வெள்ளத்துக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்பச் சொல்கிறாள், தலை வாரிக்கொள்ள வேண்டுமாம்.